அதே ஊசி

பேருந்து நிலையக் கழிப்பறையில் அவளுக்கு வேலை. தரையைக் கழுவ வேண்டும், அடைப்பு எடுக்க வேண்டும், தாழ்ப்பாள் உடைந்த கதவுக்குக் கயிறு கட்ட வேண்டும், தண்ணீர் வராத நாளில் வருகிறவன் போகிறவன் எல்லோரிடமும் திட்டு வாங்க வேண்டும். கையில் எந்நேரமும் நீளமான இரும்பு இடுக்கி ஒன்று இருக்கும். அதனால் இடுக்கியக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடும்போது மட்டும் ஞாபகம் வரும்.

இடுக்கி வருவதற்கு முன்னால் கைதான். கடைசிக் கழிப்பறையில் தண்ணீர் போகவில்லை என்று ஒருநாள் கையை விட்டுத் துழாவினாள். கந்தல் துணிக்குள்ளிருந்து ஏதோ சுருக்கென்றது. கையுறையைக் கழற்றினால் ஆள்காட்டி விரலில் பொட்டுப் போல ரத்தம். துணியைப் பிரித்தாள். யாரோ போதைக்குப் போட்டுக்கொண்டு திணித்துவிட்டுப் போன ஊசி.

பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். டாக்டர் விரலைப் பார்க்கவில்லை. முழங்கையின் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். "என்ன பழக்கம்?" என்றார்.

"காப்பி" என்றாள்.

அவர் சிரிக்கவில்லை. "சார், நான் கக்கூஸ் கழுவறவ. என் மேல வர்ற வாசனைலயே தெரியலையா?" என்ற பிறகு அவர் முகம் மாறியது. உட்காரச் சொன்னார். ஒரு மாதத்துக்கு மாத்திரை எழுதினார். எச்.ஐ.வி. கிருமி உடம்பில் குடியேறாமல் தடுக்கிற மாத்திரை அது, குத்திய மூன்று நாளுக்குள் ஆரம்பித்துவிட வேண்டும், அதற்குமேல் வந்தால் பிரயோஜனமில்லை என்று விளக்கினார். மூன்று நாள் என்பது அவள் தலையில் ஆணியடித்த மாதிரி நின்றது.

மாத்திரை குமட்டியது. வயிறு கலங்கியது. ஒரு மாதமும் அவள் யாரைத் திட்டுவது என்றே யோசித்துக்கொண்டிருந்தாள். பின்சந்தில் மூடிப்போன செருப்புக் கடையில் போதைக்காரர்களுக்கு ஊசியை இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்று பயணச்சீட்டுக் கொடுப்பவர் சொன்னார். மாத்திரை தீர்ந்த மறுநாளே, புதிதாக வாங்கிய இடுக்கியோடு அங்கே போனாள்.

உள்ளே ஒரு மேசை, நாலு நாற்காலி, இன்னமும் போகாத செருப்புத் தோல் வாசனை. ஒல்லியான நர்ஸ் ஒருத்தி இருந்தாள். எல்லோரும் அவளை சிஸ்டர் என்றார்கள். இடுக்கியக்கா வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள். சிஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"திட்டறதுன்னாலும் உக்காந்து திட்டுங்கம்மா. நின்னுட்டுத் திட்டினா கால் வலிக்கும்."

எல்லாம் கேட்டுவிட்டு, மூலையிலிருந்த மஞ்சள் டிரம்மின் மூடியைத் திறந்து காட்டினாள். விளிம்புவரை பழைய ஊசி. "இங்க சும்மா யாருக்கும் கொடுக்கறதில்ல. பழசக் கொண்டுவந்து இதுல போட்டாத்தான் புதுசு. இந்த இடம் இல்லைன்னா இது அத்தனையும் எங்க போயிருக்கும்? உங்க கக்கூஸுக்குத்தான்."

இடுக்கியக்கா டிரம்மையே பார்த்துக்கொண்டு நின்றாள். திட்ட வந்தவள் மறுநாள் எண்ணெய் டின் ஒன்றில் கழிப்பறையில் பொறுக்கிய ஊசிகளைக் கொண்டுவந்து டிரம்மில் கொட்டினாள். அதற்கடுத்த வாரம் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். காலையில் கழிப்பறை, மதியத்துக்கு மேல் அந்த அறை. அதற்கு யாரும் சம்பளம் பேசவில்லை. சிஸ்டர் தன் பங்குக் காப்பியில் பாதி கொடுப்பாள்.

பேர் கேட்பதில்லை. ஊர் கேட்பதில்லை. பழைய ஊசி உள்ளே, புது ஊசி வெளியே. கூடவே துடைக்கப் பஞ்சு, கலக்கச் சுத்தமான தண்ணீர்க் குப்பி, புண் இருந்தால் மருந்து. வருகிறவர்களில் சுமை தூக்குகிறவர்கள் இருந்தார்கள், சமையல்காரர் இருந்தார், ஒரு காலத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவரும் இருந்தார். மெக்கானிக் ஒருவன் எப்போதும் சத்தமாகத்தான் வருவான். அவன் ரத்தத்தில் ஏற்கெனவே கிருமி உண்டு. அதை அவனே எல்லோரிடமும் சொல்லுவான், எவனும் என் ஊசியைத் தொடாதே என்பதற்காக.

"பழசுக்குப் புதுசு கொடுக்கறீங்களே அக்கா, என் பொண்டாட்டியக் கூட்டிட்டு வரவா?"

"அவ வந்து உன்னைக் கொடுத்தா வேணா பாக்கலாம். ஆனா இவ்ளோ பழசெல்லாம் எடுக்கறதில்ல."

வரிசை சிரிக்கும். அந்தச் சிரிப்புக்காகவே சிலர் சீக்கிரம் வருவார்கள்.

அவளுக்குத் தம்பி ஒருவன். வீட்டுக்கு வண்ணம் அடிப்பவன். அக்காவுக்குப் புருஷன் போனபின் அவள் குடியிருந்த ஒற்றை அறைக்கு அவன்தான் வண்ணம் அடித்துக் கொடுத்தான். கடையில் விளக்கு வெளிச்சத்தில் அவள் ஒரு பச்சையைக் காட்டியபோது, அட்டையைப் பிடுங்கிக்கொண்டு வெயிலுக்குப் போனான். "கலர் பாக்கணும்னா பகல்ல, வெளிய வச்சுப் பாக்கணும்க்கா. விளக்குல பாத்தா பச்சையும் பொய் சொல்லும், நீலமும் பொய் சொல்லும்." தொழில் விஷயத்தில் மட்டும் அவனிடம் பேச முடியாது. பிறகு ஒருநாள் சாரத்திலிருந்து விழுந்தான். எலும்பு சேர்ந்தது. வலி போகவில்லை. வலிக்கு ஊசி போட்டார்கள். நிறுத்தினார்கள். வலிக்கு அது தெரியவில்லை. அவனாகவே தேடிப் போய்ப் போட்டுக்கொள்ள ஆரம்பித்தான்.

இதெல்லாம் அவளுக்குத் தெரியும், கடைசி ஒன்றைத் தவிர. ஒரு மதியம் வரிசையில் அவன் நின்றான். வீட்டுச் சாவி வாங்க வந்திருக்கிறான் என்று நினைத்து அவள் மடியிலிருந்து சாவியை எடுத்து நீட்டினாள். அவன் சாவியை வாங்கவில்லை. சட்டைப் பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய பழைய ஊசியை எடுத்து டிரம்மில் போட்டான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பின்னால் நின்ற மெக்கானிக் இரண்டடி தள்ளிப் போய் நின்றான்.

அவள் மற்றவர்களுக்குக் கொடுப்பது போலவே ஒரு ஊசி, பஞ்சு, தண்ணீர்க் குப்பி எடுத்து வைத்தாள். "சாப்டியா?" என்று மட்டும் கேட்டாள். அவன் தலையாட்டினான். அன்று இரவு அழுதாள், திட்டினாள், சுவரில் அவன் அடித்த பச்சையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். விட்டுவிடு என்று அவனிடம் சொல்லாத நாளில்லை. இரண்டு தடவை விட்டான். இரண்டு தடவையும் திரும்பி வந்தான். ஆனால் ஒவ்வொரு தடவை சிஸ்டர் அவன் ரத்தத்தைப் பார்த்தபோதும் கிருமி இல்லை. அவளுக்கு அது போதும். உசிரோடு இருந்தால் இன்னொரு தடவை விடுவான். செத்தவன் எதையும் விடமாட்டான்.

சந்துக்கு அந்தப்பக்கம் புதிதாக உயர்ந்த அடுக்குமாடிக் குடியிருப்பு. அதையொட்டிய பூங்காவில் நடக்கப் போன ஒருவரின் செருப்பில் ஊசி ஒன்று ஏறியது. கால் தப்பியது. ஒரே ஒரு ஊசி. அதன் படம் அன்று மாலைக்குள் எல்லோர் கைபேசியிலும் இருந்தது. டிரம்மில் கிடந்த ஆயிரக்கணக்கான ஊசிகளை யாரும் படம் எடுக்கவில்லை.

குடியிருப்போர் சங்கம் கூட்டம் போட்டது. வட்டார உறுப்பினர் வந்தார். சிஸ்டரும் இடுக்கியக்காவும் பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். சங்கத் தலைவர் சாந்தமான மனிதர். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு பேசினார்.

"அந்த ஜனங்க மேல எங்களுக்குக் கோபமில்ல. ஆனா குடிக்கறவனுக்குக் கிளாஸக் கழுவிக் கொடுக்கற வேலைய அரசாங்கமே செய்யலாமா?"

கை தட்டினார்கள். இடுக்கியக்கா எழுந்துவிட்டாள்.

"கழுவாத கிளாஸ்ல கொடுத்தா அவன் குடிய விட்டுருவானா சார்?"

சிரித்தார்கள். தலைவரும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு அறையை மூடச் சொல்லித் தீர்மானம் போட்டார்கள். வட்டார உறுப்பினருக்குத் தேர்தல் வருகிறது. மறுவாரம் பூட்டுத் தொங்கியது. சிஸ்டரை ஊருக்கு வெளியே ஒரு தடுப்பூசி மையத்துக்கு மாற்றினார்கள். டிரம்மை எடுத்துப்போக யாரும் வரவில்லை. கண்ணாடிக் கதவு வழியாக மஞ்சளாகத் தெரிந்துகொண்டிருந்தது.

மூடியதால் ஒருவனும் ஊசி போடுவதை நிறுத்தவில்லை. கழிப்பறை அடைப்பு அவளுக்கு மறுபடி தினசரி வேலையானது. பூங்காவில் இப்போது நாலு ஊசி, ஐந்து ஊசி. சங்கத் தலைவர் காவல் கேட்டார். காவல்காரர்கள் பூங்காவிலும் பேருந்து நிலையத்திலும் ஆட்களை நிறுத்திச் சட்டைப் பையைத் துழாவினார்கள். ஊசி இருந்தால் பிடித்துக்கொண்டு போனார்கள்.

அதனால் யாரும் ஊசியைக் கூட வைத்துக்கொள்வதில்லை. மேம்பாலத்துக்கு அடியில், தூணும் சுவரும் சேரும் இடத்துப் பொந்தில், ஒரு பிஸ்கட் டப்பா. தம்பி, மெக்கானிக், சமையல்காரர் மூவரின் ஊசியும் அதற்குள். காவலுக்குப் பயந்து மருந்துக் கடைகளில் சீட்டில்லாமல் கொடுப்பதில்லை, புது ஊசி கிடைப்பது அபூர்வம் என்பதால் ஆளுக்கு ஒன்றை வைத்துக் கழுவிக் கழுவிப் போட்டுக்கொண்டார்கள். தம்பிதான் இதை அவளிடம் சொன்னான்.

"ஒரே டப்பாலயா? மாறிட்டா?"

"பேர் எழுதி ஒட்டவா முடியும்?"

அவள் கடைக்குப் போய் நெயில் பாலிஷ் வாங்கி வந்தாள். நீலம், சிவப்பு, பச்சை. கடைக்காரி அவள் நகங்களைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். "விசேஷமா அக்கா?" என்றாள். இடுக்கியக்கா காசை எடுத்து வைத்தாள். அடுத்துக் கிடைத்த ஊசிகளின் பின்முனையில் தம்பியே வளையம் போட்டான். கோடு பிசகவில்லை. தனக்கு நீலம், சமையல்காரருக்குப் பச்சை, மெக்கானிக்குக்கு அவனே கேட்டு வாங்கியது போலச் சிவப்பு. அவளுக்கு ஓரளவு நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்தால் அவளுக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு காலை தம்பி கழிப்பறை வாசலில் வந்து நின்றான். முகம் சாம்பலாக இருந்தது. அவள் வாளியை வைத்தாள்.

"அக்கா, மாறிடுச்சு."

"என்னடா மாறிடுச்சு?"

"முந்தாநாள் ராத்திரி நான் மட்டும் போயிருந்தேன். நேத்துக் காலைல மெக்கானிக் வந்து டப்பாவத் திறந்திருக்கான். அவன் சிவப்புல ரத்தம் காஞ்சு கிடக்கு. அவன் போடவே இல்ல. என் நீலம் கழுவி வச்ச மாதிரியே இருக்கு. நேத்துப் பூரா என்னைத் தேடியிருக்கான். சாயங்காலம்தான் பாத்துச் சொன்னான். சொல்லிட்டு அழுதான் அக்கா."

"உனக்குக் கண்ணில்லையா? சிவப்புக்கும் நீலத்துக்கும் வித்தியாசம் தெரியாத பெயிண்டரா நீ?"

அவன் சுவரில் சாய்ந்தான். "பாலத்துக்கடியில அந்த மஞ்சள் விளக்கு மட்டுந்தான். அதுல எல்லாக் கலரும் ஒரே சாணிக் கலராத்தான் தெரியும். நல்லாப் பாத்துத்தான் எடுத்தேன். நீலம்னுதான் எடுத்தேன்."

வெயிலில் வைத்துப் பார்க்கச் சொன்னவன் அவன்தான். நெயில் பாலிஷை அவளும் அவனும் பகல் வெளிச்சத்தில், கழிப்பறை வாசலில் உட்கார்ந்துதான் பூசினார்கள். ராத்திரி எங்கே வைத்துப் பார்ப்பான் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

நாளையோடு மூன்று நாள் முடிகிறது. அவள் கையைக்கூடக் கழுவாமல் அவனை இழுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். மதியம்வரை ஒரு வரிசை. அங்கிருந்து இன்னொரு கட்டடம். அங்கே இன்னொரு வரிசை. கடைசியில் வேறொரு டாக்டர் கிடைத்தபோது, அவர் கேட்டு முடிக்குமுன்பே பேனாவை மூடிவிட்டார்.

"அந்த மாத்திரை விபத்தாக் குத்திக்கிட்டவங்களுக்குத்தான்மா. இவர் தானாக் குத்திக்கிட்டவர்."

"தன்னோடதுன்னு நினைச்சுக் குத்திக்கிட்டான் சார். மாறினது விபத்துதானே?"

"இன்னிக்கு மாத்திரை கொடுத்தா நாளைக்கு மறுபடி போய்ப் போட்டுக்குவார். வீணாப் போறதுக்கா அரசாங்கம் வாங்கி வச்சிருக்கு? மூணு மாசம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க. கிருமி இருந்தா அப்ப வைத்தியம் உண்டு. அது இலவசம்."

"வராம இருக்கறதுக்குக் கொடுக்க மாட்டீங்க, வந்தப்புறம் ஆயுசு பூரா கொடுப்பீங்களா?"

"அடுத்தது யாரு?" என்றார் டாக்டர்.

தம்பி ஏற்கெனவே நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். சொன்னதில் தப்பில்லை என்பது போலத் தலையாட்டினான். அந்தத் தலையாட்டல்தான் அவளுக்கு மிளகாயை அரைத்துப் பூசியது போலிருந்தது. வெளியே வந்ததும் முதுகில் ஒன்று வைத்தாள்.

"அவரு சொல்றது சரிதானேக்கா."

"வாய மூடு. சரியாம். எனக்குக் குத்துனது மட்டும் கடைல வாங்குன ஊசியா? உன்ன மாதிரி ஒருத்தன் போட்டுட்டுப் போனதுதான். அதே ஊசி, அதே கிருமி. அன்னிக்கு எனக்கு உக்கார நாற்காலி, மாத்திரை. உனக்கு மூணு மாசம் கழிச்சு வான்னு சொல்றான்."

சிஸ்டருக்குப் போன் செய்தாள். சிஸ்டர் யார் யாரையோ கூப்பிட்டாள். நாளை மறுநாள் பேசலாம் என்றார்கள். நாளை மறுநாள் என்ற சொல் அவள் காதில் விழவே இல்லை.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக் கதவு திறக்கும்போது இரண்டு பேரும் அங்கே இருந்தார்கள். தம்பியைச் சைக்கிள் நிறுத்துமிடத்தில் உட்கார வைத்தாள். "நகர்ந்தே, காலை ஒடிச்சிருவேன்." பையிலிருந்து ஊக்கை எடுத்து, எத்தனையோ வருஷத்துக்கு முன் ஊசி குத்திய அதே ஆள்காட்டி விரலில் அழுத்தினாள். வேண்டுமென்று குத்திக்கொள்ளும்போது தோல் சீக்கிரம் விட்டுக்கொடுப்பதில்லை. இரண்டாம் தடவை ரத்தம் வந்தது. வேலையில் காயம்பட்டவர்களுக்கென்று தனி ஜன்னல் உண்டு. சீருடையோடு அங்கே போய் விரலைக் காட்டினாள்.

"பஸ் ஸ்டாண்டு கக்கூஸ். அடைப்பு எடுக்கையில குத்திடுச்சு."

நேற்றைய டாக்டர் அங்கே இல்லை. இவர் சின்ன வயது, இரக்கமுள்ளவர். அவளே வெட்கப்படும் அளவுக்கு இரக்கம். தண்ணீர் கொடுத்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார், பயப்படாதீங்கம்மா என்று பலமுறை சொன்னார். பொய் சொல்கிறோமே என்ற உறுத்தல் அவளுக்கு மெல்ல எழும்பியது. அப்போது அவர் எழுதிக்கொண்டே சொன்னார்:

"இவனுங்க எங்கயாவது போய்ச் சாகட்டும். உங்கள மாதிரி உழைக்கிறவங்க ஏன் கஷ்டப்படணும்?"

உறுத்தல் அந்த இடத்திலேயே செத்தது. வாயில் வந்ததை அவள் பல்லைக் கடித்து நிறுத்தினாள். நாற்பது அடி தள்ளி, சைக்கிள்களுக்கு நடுவில், அந்த இவனுங்களில் ஒருவன் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். "ஆமா சார்" என்றாள். அவள் வாழ்க்கையில் அதைவிடக் கேவலமான ஆமா ஒன்றைச் சொன்னதில்லை.

மாத்திரை டப்பாவை ஒரு நர்ஸ் கொண்டுவந்தாள். மேலே அவள் முழுப்பெயர். அவள் கையை நீட்டினாள்.

"முதல் மாத்திரை எங்க முன்னாடி போடணும்."

"சாப்பாட்டுக்கப்புறம் போடறேன்மா."

"இல்ல, இங்கயே. சிலபேர் வாங்கிட்டுப் போய்ப் போடறதே இல்ல."

ஒரு டப்பாவுக்குள் சரியாக ஒரு மாதத்துக்குத்தான் இருக்கும். இவள் ஒன்றை விழுங்கினால் தம்பிக்கு ஒரு நாள் குறையும். அவள் மாத்திரையை வாயில் போட்டாள், தண்ணீரைக் குடித்தாள், தொண்டையை அசைத்தாள். பெரிய மாத்திரை. நாக்குக்கு அடியில் செருகிக்கொண்டு, கும்பிடாத குறையாகத் தலையை ஆட்டிவிட்டு நடந்தாள். மேல்பூச்சு கரையக் கரையக் கசப்பு கண்வரைக்கும் ஏறியது. வாசலில் காவலாளி "என்னம்மா, விரலுக்கு இப்ப எப்படி?" என்றான். அவள் உதட்டைப் பிதுக்கிக் காட்டிவிட்டுக் கிட்டத்தட்ட ஓடினாள்.

தம்பியின் முன்னால் உள்ளங்கையில் துப்பினாள். "போடு."

அவன் அதைப் பார்த்தான். ஓரம் கரைந்து, எச்சிலில் பளபளவென்று இருந்தது. "அக்கா, இது..."

"என்னடா, எச்சிலா? கண்டவன் ஊசிய எடுத்துக் குத்திக்கிட்டு வந்தவனுக்கு அக்கா எச்சில் ஆகாதோ?"

அவன் வாயில் போட்டுக்கொண்டான். தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாள். விழுங்கும்போது அவன் கண்ணில் தண்ணீர் வந்தது. கசப்பினால் என்று அவள் வைத்துக்கொண்டாள்.

"இதுல நான் தப்பிச்சிருவேனா?"

"மூணு மாசம் கழிச்சுத் தெரியும். அதுவரைக்கும் ஒரு நாள் விடாமப் போடணும். டப்பா என்கிட்டதான் இருக்கும். தினம் காலைல கக்கூஸுக்கு வர்றே."

"நான்தான் போட்டுக்குவேனே."

"வர்றே."

வேலைக்கு இரண்டு மணி நேரம் தாமதம். மேற்பார்வையாளன் கத்தினான். கடைசிக் கழிப்பறையில் தண்ணீர் நின்றிருந்தது. இடுக்கியை விட்டுத் துழாவினாள். கந்தல், அதற்குள் ஊசி. எண்ணெய் டின்னில் போட்டாள். டின் நிறைந்துவிட்டது. கொட்டுவதற்கு டிரம் இருக்கிற அறைக்குப் பூட்டு. டின்னின் மூடியை இறுக்க அடித்து, அலமாரிக்கு மேல் ஏற்கெனவே இருந்த டின்களின் பக்கத்தில் வைத்தாள். வாயில் கசப்பு அன்று முழுக்கப் போகவில்லை. காப்பி குடித்தும் போகவில்லை.

மறுநாள் காலை தம்பி வந்தான். தாமதமாகத்தான், ஆனாலும் வந்தான். அவள் அவனை வெளியே, வெயில் விழும் படிக்குக் கூட்டிப்போய், டப்பாவைத் திறந்து ஒரு மாத்திரையைக் கொடுத்தாள். அவன் போட்டுக்கொண்டு தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பத் திரும்பினான்.

"நில்லு" என்றாள். "வாயத் திற."

திறந்தான்.

"நாக்கத் தூக்கு."